பூசிய சுவர்

காலை வெயில் பக்கவாட்டில் விழுவதால், முன்சுவரின் பூச்சுத் திட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகின்றன. போரில் குண்டு துளைத்த இடங்களையெல்லாம் இருபது வயது அக்காவும் அவள் தம்பியுமாகச் சாந்து குழைத்து அடைத்திருக்கிறார்கள். மிச்சம் சன்னலோரத்தில் ஒரு துளைதான். அக்கா கொத்துக்கரண்டியும் கையுமாக நிற்கிறாள். எதிரே, சுத்தியலோடு ஒரு சினிமாக்காரர். போருக்குப் பிந்தைய இளைஞர்களின் கதையாம். அதற்குச் சுவர் முழுக்க ஓட்டை வேண்டுமாம். “படத்துக்குத்தானேம்மா? முடிஞ்சதும் நாங்களே பூசிக் கொடுத்துடுறோம்” என்று நயமாகக் கேட்கிறார். அக்காவுக்குச் சுள்ளென்று ஏறுகிறது. “சுட்டவன் கேக்காம சுட்டான். நீங்க கேட்டுட்டு இடிக்கிறீங்க. வேற என்ன வித்தியாசம்?” தம்பி களுக்கென்று சிரித்துவிட்டு, சாந்துச் சட்டியை அவள் பக்கம் தள்ளுகிறான். “சரி, இருக்கிற அந்த ஒண்ணையாவது விட்டு வைங்க. அதைக் காட்டி எடுத்துக்கிறோம்” என்று சினிமாக்காரர் இறங்கி வருகிறார். தெருவில் கேமரா ஓடத் தொடங்குகிறது. அக்கா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னலோரத் துளைக்குள் சாந்தை ஓங்கி அறைகிறாள். ஈரம் முகத்தில் தெறிக்கிறது. “கட்! கட்!” என்று பின்னால் கத்துகிறார்கள். கரண்டி நிற்பதாக இல்லை.