எதிர்வீட்டு விளக்கு

எதிர்வீட்டுக் கரண்ட் மீட்டர்காரர் திங்கட்கிழமை காலை, முதுகில் மூட்டையோடு காட்டுப்பாதையில் நடக்கக் கிளம்பினார். குளிர்காற்று, விடாத மழை. தெருவில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. தனிக்கட்டை, தடுக்க யார் இருக்கிறார்கள்?

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நான் வரலேன்னா வனக்காவலருக்குப் போன் பண்ணிடுங்கக்கா. உங்க நம்பரையும் அவர்கிட்ட கொடுத்திருக்கேன்" என்றார் என்னிடம்.

பின்னே? இந்தத் தெருவில் யார் வந்தார், யார் போனார் என்று வேறு யாருக்குத் தெரியும்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. எதிர்வீட்டு ஹாலிலும் விளக்கு எரிந்தது. வந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்! எனக்குச் சுருக்கென்றது. அவராக வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வனக்காவலரே கூப்பிட்டார். "திரும்பினதா ரிஜிஸ்டர்ல கையெழுத்து இல்லையேம்மா. தேட ஆள் அனுப்பவா?"

"மழையில எதுக்குப்பா? மகாராஜா வீட்டுல விளக்கப் போட்டுட்டு உக்காந்திருக்கார்."

சனி, ஞாயிறு பகலிலும் விளக்கு எரிந்தது. ஊரார் வீட்டு மீட்டரைக் கணக்கெடுத்தவர் லட்சணத்தைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவர் தங்கை வந்து, தன் சாவியால் கதவைத் திறந்தாள். வீடு காலி.

மறுநாள் காட்டுச் சரிவில், கால் முறிந்து இறந்துகிடந்தவரைக் கண்டெடுத்தார்கள். ஞாயிறு வரை உயிர் இருந்திருக்குமாம்.

"ஆளில்லாத வீட்டுல லைட்டு எப்படிக்கா எரிஞ்சுது?" என்று தங்கை அழுதாள்.

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

"மறதிதாம்மா" என்றேன்.

இந்தத் தெருவில் நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இது ஒன்றுதான். அன்றைக்கு அவர் வீட்டைப் பூட்டும்போது, மாடியிலிருந்து நான்தான் கத்தினேன்:

"மீட்டர் சார், ஹால் சுவிட்சைப் போட்டுட்டுப் போங்க! கரண்ட் வந்தா எரியட்டும். உள்ள ஆள் இருக்குன்னு திருடன் நினைச்சுக்குவான்."