எதிர்ப்பக்கத்து விபத்து

“மீட்டருக்கு மேல ஐம்பது தரேன். ஷிஃப்ட் முடியறதுக்குள்ள பொம்மனஹள்ளி ஃபாக்டரிக்குப் போயாகணும்” என்று நேரத்துக்கு விலை பேசித்தான் ஜூலியா ஆட்டோவில் ஏறினாள். ஒரு மாதமாக அம்மா வீட்டில் இருக்கும் தன்னை எட்டிக்கூடப் பார்க்காத புருஷனை, அவன் வேலை செய்யும் இடத்திலேயே நாலு பேர் எதிரில் நியாயம் கேட்டு, உறவை அறுத்துக்கொண்டு வர உத்தேசம்.

ஓசூர் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன.

“அடிபட்டது எதிர்ப்பக்கம்மா. எல்லாரும் ஸ்லோ பண்ணிப் பாக்கறதால இந்தப் பக்கமும் ஜாம்.” டிரைவரும் கழுத்தை நீட்டினார். “ஐயோ, ஸ்கூட்டர் அப்பளமாயிடுச்சு!”

“எவன் செத்தா உனக்கென்ன? பாக்காம ஓட்டுய்யா!” ஜூலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபாக்டரி வாசலில் வாட்ச்மேன் சிரித்தார். “என்னம்மா, இங்க வந்துட்டீங்க? ஃபிராங்க்ளின் சார் உங்களைக் கூட்டிட்டு வரத்தானே பர்மிஷன் போட்டுட்டு அப்பவே ஸ்கூட்டர்ல கிளம்பினாரு!”

அந்தச் சாலையில் போன அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். பாக்கி, ஜூலியா ஒருத்திதான்.