திரும்பாத கிண்ணங்கள்

தையல் இயந்திரங்கள் தாமாகவே தைக்கத் தொடங்கிய பிறகு, திருப்பூரில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலையில்லை. அந்த இயந்திரங்களும் கூலி வாங்க வேண்டும், அதில் பாதி தெருவுக்கு வரவேண்டும் என்று நானும் ஜெய்துனும் மனு எழுதினோம். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் இருநூறு வீடுகள் கையெழுத்திடாவிட்டால் மனு செல்லாது.

ஆனால் தாமாகவே பேசித் திறந்து மூடும் வீட்டுக் கதவுகள் எங்களைப் பேசவே விடவில்லை. "பிரச்சாரத்துக்கு அனுமதியில்லை. வணக்கம்" என்று சொல்லித் தாழிட்டுக்கொண்டன.

"ஏம்புள்ள புஷ்பம், பிரச்சாரம்தானே ஆகாது? கஞ்சி ஆகுமில்ல?" என்றாள் ஜெய்துன்.

ரமலான் மாதம். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி, மனுத்தாளால் மூடி நீட்டினோம். "அண்டைவீட்டு உணவு" என்று கதவுகள் பணிவாகத் திறந்தன.

மறுநாள் மாலை நான்கு மணி வரை ஒரு கிண்ணமும் திரும்பவில்லை.

"மனுவும் போச்சு, பள்ளிவாசல் கிண்ணமும் போச்சு!" என்று ஜெய்துன் தலையில் கைவைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த பாத்திரத்தை எங்கள் தெருவில் யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது வைப்பார்கள். இப்போது யார் வீட்டில் சர்க்கரை இருக்கிறது?

நடுத்தெருவில் நின்று கத்தினேன்: "சர்க்கரை வேண்டாமுங்க! கையெழுத்துப் போட்ட தாளை வெச்சுக் குடுங்க, போதும்!"

படபடவென்று கதவுகள் திறந்தன. தெருவே கிண்ணத்தோடு ஓடி வந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

இருநூறாவதாக, ஆறடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது, கடைசி வீட்டுச் சுந்தராம்பாள் வந்தாள். கையெழுத்தின்மேல் ஒரு சிட்டிகை சர்க்கரை.

"வெறும் தாளை எப்படிக்கா குடுக்கறது?"

நோன்பிருந்த ஜெய்துன் அந்தச் சர்க்கரையை அப்படியே என் வாயில் போட்டாள்.