மேசைக்கு ஒரு உருமாறி

வேஷமேற்றுப் பகடை உருட்டும் விளையாட்டுக்குத் தானே எழுதிய நூறு பக்க விதிப்புத்தகத்தை, நாட்டுக்கே சட்டம் இயற்றியவர் போல மேசைமேல் வைத்தார் ஆட்டத்தலைவர்.

"நினைச்ச ஆளா மாறுற உருமாறி இனத்துக்குப் பலம் ஜாஸ்தி. மேசைக்கு ஒண்ணுதான். மிஞ்சினா மத்தவன் பிழைக்கவே முடியாது."

"அந்தக் கட்டுப்பாடெல்லாம் வேணாம் மாமா," என்றான் ஆட வந்திருந்த அவர் மச்சினன்.

எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் நால்வரும் அதிசயமாக ஒன்றாகக் கை தூக்கி, விதியைத் தோற்கடித்தார்கள்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒருத்தன் உருவத்தை எடுக்கணும்னா அவன் செத்திருக்கணும். அந்த விதியாவது இருக்கலாமா?"

"இருக்கட்டும். அது ஒண்ணைத்தான் சரியா எழுதியிருக்கீங்க," என்றான் மச்சினன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

மச்சினன் எழுந்து கதவைத் தாழிட்டான். மற்ற மூவரும் நாற்காலியை அவரருகே நெருக்கிப் போட்டார்கள்.

"நாங்க நாலு பேரும் அப்படித்தானே வந்திருக்கோம். இன்னிக்கு அஞ்சாயிடும்."

தப்பிக்க ஏதாவது விதி எழுதியிருக்கிறோமா என்று அவர் அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார்.