நாலாம் பக்கத்தைப் படி!

"படிக்கத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை? கையேட்டில் நாலாம் பக்கத்தைப் படி!"

இணைய மன்றத்தில் வந்து விழுந்த பதிலைப் பார்த்து லாரிஸா முகம் சுளித்தாள்.

கேள்வி கேட்ட ஆசாமி புதுசு. 'புல்வெளிக்கோழி' என்று புனைபெயர். பதில் போட்டவர் கோர்டன் ஃப்ரீசன். ஆற்றில் உறைந்த பனி எப்போது உடைந்து வெள்ளம் வரும் என்று கணிக்கிற அந்த சாஃப்ட்வேரை எழுதியவரே அவர்தான். கையேடும் அவர் கைங்கரியம்.

"இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா?" பெரோகிக் கொழுக்கட்டையை மென்றபடி பக்கத்து மேஜை டார்சி எட்டிப் பார்த்தான். "மூணு வருஷம் முன்னாடி உன்னையும் இப்படித்தானே வறுத்தெடுத்தார்? கார்ல உக்காந்து அழுதியே!"

"அழல. மூக்கு ஒழுகிச்சு. அன்னிக்கு மைனஸ் முப்பது."

கனடாவின் சஸ்கட்டூன் ஆராய்ச்சிக் கூடத்தில் அது சாப்பாட்டு வேளை. லாரிஸா சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுக் கேள்வியைப் படித்தாள்.

'மூல நிரலிலிருந்து சாஃப்ட்வேரைக் கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை. ஓடவிட்டால் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. நாளைக் காலைக்குள் ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும். யாராவது உதவுங்கள்.'

கூடவே, கணினி ஓடிய விவரமெல்லாம் பதிவான லாக் ஃபைலையும் இணைத்திருந்தது கோழி.

"விட்டுடு. ஃப்ரீசன் பேசினப்புறம் எவனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றான் டார்சி.

லாரிஸா லாக் ஃபைலைத் திறந்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல."

மளமளவென்று பதில் தட்டினாள்.

'உங்கள் கணினியில், வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் பகுதிகளை ஒன்றோடொன்று பேசவைக்கிற எம்.பி.ஐ. இரண்டு வகை இருக்கிறது. ஒன்றை வைத்துக் கம்பைல் செய்து, இன்னொன்றை வைத்து ஓட்டுகிறீர்கள். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாமல் இரண்டும் திகைத்து நிற்கின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரே எம்.பி.ஐ.யை வைத்துச் செய்யுங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. இதைச் சொல்லாமலே நாலாம் பக்கத்தை எழுதியவர் மேல்.'

டார்சிக்குப் புரையேறியது. "அடிப்பாவி! ஃப்ரீசன் இதைப் படிச்சா உன்னைத் தொலைச்சுடுவார்!"

"படிப்பார். கட்டாயம் படிப்பார்."

மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுடையது. வேறு யாரும் திறப்பதற்குள் அந்த லாக் ஃபைலை அழித்தாள்.

"அதை ஏன் அழிக்கிறே?"

"தேவையில்லாத சமாசாரம் ஒண்ணு இருந்துச்சு."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஓடுகிறது! ஓடுகிறது! நீங்கள் நல்லா இருக்கணும்!'

மறுநாள் காலை டார்சி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான்.

"அதிசயத்தைக் கேளு! ஃப்ரீசன் நாலாம் பக்கத்தை மாத்தி எழுதியிருக்கார். கீழே 'லாரிஸாவுக்கு நன்றி'ன்னு வேற! எட்டு வருஷத்துல யாருக்கும் நன்றி சொன்னதில்ல அந்த மனுஷன். ஆனா பாரு, திமிரை. அந்தக் கோழிகிட்ட மட்டும் ஒரு மன்னிப்புக் கேக்கல!"

லாரிஸா காபியை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"நான் அழிச்ச ஃபைல்ல, மூணாவது வரியிலேயே கம்ப்யூட்டர் சொந்தக்காரர் பேரு இருந்துச்சு டார்சி. தன்னைத்தானே திட்டிக்கிட்டவர் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேப்பாரு?"