ஒரு ஆள் அகலம்

நூலக மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் நகர மண்டபத்தின் பதினொரு படிகளும் தெரிந்தன. ஏழாவது படி நேர் எதிரே.

அவன் அந்தப் படியில்தான் நின்றிருக்க வேண்டும். தூணிலிருந்து மூன்றாவது ஆளாக, ஒன்பது வருடமாக நின்ற இடத்தில்.

இன்று நகரத்தின் பிறந்தநாள். வருடத்துக்கு ஒரே ஒரு படம். பழைய மதிலுக்குள் குடியிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரும் படியேறி, போன வருடம் நின்ற அதே இடத்தில் நிற்பார்கள்.

படக்காரர் ஏணிமேல் நின்று ஒலிபெருக்கியில் கேட்பார், இடதுபக்கத்து ஆள் வந்தாச்சா என்று. எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் கையைத் தூக்க வேண்டும். ஒரு கை மேலே இருந்தாலும் அவர் படம் எடுக்கமாட்டார். ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

தனக்காக ஒரு கை உயருமா? அதைப் பார்க்கத்தான் அவன் இங்கே வந்து நின்றான்.

காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டுப் போன மாதம் அலுவலகம் போனபோது, பக்கத்து மேசைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லீவுல இருந்தீங்களா? நேத்துகூட உங்களப் பாத்த மாதிரி இருக்கே, சார்." அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவனைக் குடைந்தது.

சின்னப்பிள்ளைத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தும் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். ஜன்னலிலிருந்து ஏழாவது படிக்கு ஓடினால் நாற்பத்திரண்டு விநாடி. நேற்றே ஓடிப் பார்த்தாகிவிட்டது. யாராவது கேட்டால், புத்தகம் திருப்பித் தர வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒரு புத்தகமும் கக்கத்தில் இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. தலைகள் திரும்பின.

ஐந்தாவது படியில் ஒரு கை. ரொட்டிக்கடைக்காரரின் மருமகன் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "மாப்பிள்ளைக்கு விடிஞ்சிருச்சு டோய்!" என்று யாரோ கத்த, படிகள் மொத்தமும் சிரித்தன.

இரண்டாவது படியில் இன்னொரு கை. அதுவும் இறங்கியது.

ஏழாவது படியில் ஒன்றுமில்லை.

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். தூணோரம் சைக்கிள் கடைக்காரர், அடுத்து அவர் மனைவி. அதற்கப்புறம் இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

மனசு லேசானது. அவனுக்கு வலப்பக்கம் நிற்கும் அந்த அம்மாதான் அவனுக்காகக் கை தூக்க வேண்டும், அவர் இன்னும் வரவில்லை. அதுதான் விஷயம்.

அந்த அம்மா கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு வருடமும் படியேறி வந்ததும், "இந்த வருஷமும் நாமதானா?" என்பார். அவன் சிரித்துவிட்டுக் காமிராவைப் பார்ப்பான்.

வரட்டும். வந்து பக்கத்தில் பார்ப்பார், கையைத் தூக்குவார்.

ஆனால் அந்த அம்மாவுக்காகக் கை தூக்க வேண்டியவர் கணக்கு வாத்தியார். அவர் இடதுபக்கம் திரும்பி, காலி இடத்தைப் பார்த்துவிட்டு, கைகளைக் கட்டியபடியே நின்றார். மனுஷன் நின்றுகொண்டே தூங்குகிறாரா என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. தூக்குங்க சார், அந்தம்மா இன்னும் வரல.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"ஏழாம் படி! எதுக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கீங்க? போனவங்களுக்கு ஒரு ஆள் அகலம் போதும். அக்கா, நெருங்கி நில்லுங்க!"

அந்த வருடம் இறந்துபோனவர்களின் இடத்தை அந்த ஒரு படத்தில் மட்டும் காலியாக விடுவார்கள். அடுத்த வருடம் நெருங்கி நின்றுகொள்வார்கள். ஊருக்கே தெரிந்த வழக்கம்தான். அவனுக்கும் தெரியும்.

சைக்கிள் கடைக்காரர் மனைவி தன் வலப்பக்கம் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டவள்போல ஒரு கணம் தயங்கினாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அடி நகர்ந்து, அவன் இடத்தில் நின்றாள். கடைக்காரரும் நகர்ந்தார்.

இப்போது ஒரு ஆள் அகலம்தான் இருந்தது.

ஒரு கையும் மேலே இல்லை. எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். காமிரா மின்னியது. கைதட்டினார்கள். படிகள் கலையத் தொடங்கின.

நாற்பத்திரண்டு விநாடி தாண்டி எவ்வளவோ ஆகியும் அவன் நகரவில்லை.

நாலு வருடம் பக்கத்தில் நின்றபிறகு, இனிமேல் போய் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. ஒன்பது வருடம் கடந்தபின் கேட்கவே வழியில்லாமல் போயிற்று.

யார் யாருடைய இடத்தைக் காலியாக விட வேண்டும் என்ற பட்டியல் வருடாவருடம் அவன் வேலை பார்க்கும் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்துதான் படக்காரருக்குப் போகும். இந்த வருடம் ஒன்பது பெயர். செவ்வாய்க்கிழமை பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே தட்டச்சு செய்து, மூன்று முறை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். ஒரு பிழைகூட இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். ஆண்களைக் கழித்தால் ஐந்து.

ஐந்தையும் ஒவ்வொன்றாக அந்த முகத்தோடு வைத்துப் பார்த்தான். எல்லாமே பொருந்தின.