லேஞ்சி விரித்த இடம்

மனநலக் கிளினிக்கின் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்ததுமே, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் பக்கத்தில் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்துப் போட்டாள் சுசீலாதேவி.

கைத்தடியோடு வந்த பெரியவர் கேட்டார்: "இங்க யாரும் இருக்காங்களா?"

"மகனோட இடங்க. அவனுக்குத்தான் இன்னிக்கு நம்பர்."

பெரியவர் நகர்ந்துவிட்டார். அவள் கணவன் தர்மலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டத்திலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸிலும் அந்த லேஞ்சிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.

"சஜீவன்!" என்று கூப்பிட்டாள் தாதி.

அவர் மட்டும் எழுந்து போய் கிளினிக் துண்டுச்சீட்டை நீட்டினார்.

"சஜீவன் எங்க ஐயா?"

"மகன் தவறிட்டான் மிஸ். இந்தத் திகதி வரைக்கும் அவனால தாங்க முடியல." குரலைத் தாழ்த்தினார். "அவன் கூடவே இருக்கான்னு சொல்றா இவ. சோறும் போட்டு வைக்கிறா. அவனோட நம்பர் சும்மாதானே போகுது, அதுல இவளப் பாத்துடுங்க மிஸ்."

தாதி பதிவேட்டைப் புரட்டினாள்.

"அவங்களப் புதுசாத்தான் பதியணும் ஐயா. அஞ்சாறு மாசம் போகும். சித்திரை கழிஞ்சுதான் திகதி கெடைக்கும்."

புதுத் துண்டுச்சீட்டோடு திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார். அவள் லேஞ்சியைப் பரிவோடு தடவிக்கொடுத்தாள்.

"சித்திரை கழியட்டுமாம்டா. போன தடவ மாதிரி அவசரப்பட்டுடாத."